நான் எழுதாத திருத்தம்

என் மேசை இழுப்பறையில் ஓர் அரைத்தாள் கிடக்கிறது. செய்தித்தாள் அச்சாகும் காகித உருளையில் கடைசியாக மிஞ்சுவதை வெட்டி, எழுதிக்கொள்ள எங்களுக்குக் கொடுப்பார்கள். அந்தத் தாள்தான். பழுப்பேறி, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிவிட்டது. அதன் உச்சியில் பென்சிலால் ‘திருத்தம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக, மூன்று வீடு மாறியும், அது என்கூடவே வந்திருக்கிறது. ஒருமுறை என் மகள் குப்பை என்று நினைத்துக் கசக்கிப் போட்டுவிட்டாள். நான் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்து, மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “அப்படி என்னம்மா அதுல எழுதியிருக்கு?” என்று கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை என்றேன். அது உண்மைதான். அதுதான் என் கதையும்.

எண்பதுகளின் நடுவில், தமிழில் பி.ஏ. முடித்த கையோடு, ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். அலுவலகமும் அச்சகமும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் இருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்துக் கொட்டகையில் நாள் முழுக்க லேத் பட்டறைச் சத்தம். ஆவடியில் அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து மின்சார ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். எனக்குக் கொடுத்தது விளையாட்டுப் பக்கம். பந்தைக் கையால் தொட்டறியாதவளுக்கு எதற்கு அந்தப் பக்கம் என்றால், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்குச் செய்தி கொண்டுவருகிறவர் ஒருவர் இருந்தார். ஆசிரியர் ஐயா முதல் வாயில் காவலர் வரை அவரை எல்லோரும் ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அது வாயில் வராது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், படைத் தொழிற்சாலை வேலைக்காக அப்பா வந்து குடியேறியவர். நான் ‘அண்ணே’ என்பேன். அவர் என்னை ‘டீச்சரே’ என்பார்.

வெள்ளானூரில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம் அவருடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் வயல், மாலையில் சைக்கிள். ஆவடியில் கைப்பந்து, பூந்தமல்லியில் கால்பந்து, செம்பரம்பாக்கம் பக்கம் கபடி என்று எங்கே கோடு கிழித்தாலும் அந்தக் கோட்டோரம் குந்தியிருப்பார். பகுதிநேர நிருபர். நான் சேர்வதற்குப் பல வருடம் முன்பிருந்தே பகுதிநேரம். எழுதிக்கொண்டு வருவதில் உதிரி ஆட்டக்காரன் பெயர்வரை எல்லாப் பெயரும் இருக்கும். இடமில்லை அண்ணே, பெயர்களை வெட்டுகிறேன் என்றால் சண்டைக்கு வருவார். “பேரு வந்தா அவன் அந்தப் பேப்பர ட்ரங்குப் பொட்டில வச்சிருப்பான் டீச்சரே. பேரு இல்லாட்டி அதுல பக்கோடா கட்டுவான்” என்பார். அவர் சொன்னது சரி என்பது இன்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஓயாத தகராறு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ‘ஆவடி அணி கெலித்தது’ என்று எழுதுவார். நான் அடித்துவிட்டு ‘வென்றது’ என்று போடுவேன். மறுநாள் மறுபடியும் ‘கெலித்தது’ வரும். வேண்டுமென்றேதான் எழுதுகிறார் என்று தெரிந்தும் அடிப்பேன். “என் ஊர்ல எவனும் வெல்றதில்ல டீச்சரே, கெலிக்கத்தான் கெலிக்கிறான். நீ போய் மைதானத்துல கேளு” என்பார். பிறந்ததிலிருந்து வீட்டில் ‘செயிச்சாச்சு’ என்றே கேட்டு வளர்ந்த என் காதுக்கு அந்தச் சொல் முதலில் பிடிக்கவே இல்லை. ஆனால் தினமும் அடித்துக்கொண்டே இருந்ததில் எப்படியோ அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் வீட்டில் தாயம் ஆடும்போது “நான் கெலிச்சிட்டேன்” என்று கத்தினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் அண்ணாத்தேயிடம் சொன்னபோது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. செய்தியில் தவறு வந்துவிட்டால், மறுநாள் போடும் திருத்தத்தைத் தவறு செய்தவரே தன் கையால் எழுத வேண்டும். மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது. யார் செய்தது என்று பெயர் போடக் கூடாது. கடைசிச் சொல் ‘வருந்துகிறோம்’. அதை ஆசிரியர் ஐயா வாங்கிப் படித்து, ஒன்றும் பேசாமல் அச்சுக்கு அனுப்பிவிடுவார். அத்தோடு அந்தத் தவறு முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நான் எழுதிய முதல் திருத்தம், ஒரு கைப்பந்து அணித் தலைவரின் பெயரை மாற்றிப் போட்டதற்கானது. மூன்று வரி எழுத நாலு தாளைக் கிழித்தேன். “டீச்சரே தப்புப் பண்ணிட்சி, இன்னிக்கு ஸ்கூலு லீவு” என்று அண்ணாத்தே பிரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் தாளை ஐயாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மனது லேசாகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி பத்திரிகையை விற்றுவிட்டார். நகரத்தில் பல இதழ்கள் நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. ஆசிரியர் ஐயா ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக ஒரு மேலாளர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தாதவர், எல்லோருக்கும் ‘மேடம்’, ‘சார்’ போட்டுப் பேசுகிறவர். வந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு பிரிவுக்கும் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டப்பட்டது. விளையாட்டு நிருபர்கள் ஞாயிறு உட்பட மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இரவு எட்டுவரை அலுவலகத்தில் இருக்க வேண்டும். மைதானத்துக்குப் போக வேண்டாம், செய்தியைத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டால் போதும். இடத்தைவிட்டு எழுந்து வெளியே போக மேலாளர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். உள்ளூர் ஆட்டத்துக்கு எட்டு வரி, ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியல் கிடையாது. ஆனால் எழுதிய நிருபரின் பெயர் ஒவ்வொரு செய்தியிலும் வர வேண்டும். நிர்வாகம் சொன்னால் ஒழியத் திருத்தம் போடக் கூடாது. தொலைபேசிச் செலவு கூடுகிறது என்று எண் சுழற்றும் வட்டத்தில் ஒரு சின்னப் பூட்டு மாட்டினார்கள். அழைப்பு வந்தால் பேசலாம், நாமாக யாரையும் அழைக்க முடியாது. சாவி மேலாளரிடம். பழைய ஆட்கள் எல்லோருக்கும் ஆறு மாதம் சோதனைக் காலம். பெரிய பிழை எதுவும் இல்லாமல் அதைக் கடந்தவர்களுக்கு நிரந்தரப் பணிக் கடிதம்.

நான் முணுமுணுத்தேன். அண்ணாத்தே முணுமுணுக்கவில்லை. அவருக்கு அந்தக் கடிதம் வேண்டியிருந்தது. அண்ணன் தம்பிகள் பேசி நிலத்தை வீட்டுமனை போட்டு விற்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், வயல் என்று ஒன்று இனி இல்லை. “பன்னெண்டு வருசமா ஆபீசுல வேல செய்றேன்னு ஊட்ல சொல்லிகினு கீறேன். அது நம்பவே மாட்டேங்குது. ஒரு லெட்டரு காட்னா வாய மூடும்ல?” என்றார். ‘அது’ என்றால் அவர் மனைவி. ஒவ்வொரு மைதானத்துக்கும் பக்கத்தில் தொலைபேசி இருக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, ஆட்டம் முடிந்ததும் முடிவைச் சொல்லச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டார். மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் கூரைக்குக் கீழே இருந்ததில்லை.

ஐந்தாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பரம்பாக்கம் பக்கம் கபடி இறுதி ஆட்டம். ஆடுவது வெள்ளானூர் அணியும் போட்டி நடத்தும் ஊரின் அணியும். தன் ஊர் இறுதி ஆட்டத்தில் ஆடுகிறது, தான் போய்ப் பார்க்க முடியாது. மதியத்திலிருந்து அண்ணாத்தே மூன்று முறை தேநீர் குடித்தார். ஐந்தரை மணிக்குச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுந்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. பக்கத்தில் இன்னும் நாலு வரி இடம் கேட்டுச் சண்டை போட அவர் பக்க வடிவமைப்பு அறைக்குள் போயிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

முடிவைச் சொல்ல அண்ணாத்தே ஏற்பாடு செய்திருந்த அந்த ஊர் மளிகைக்கடைக்காரர். “அண்ணாத்த கீறாரா?” என்றார். உள்ளே இருக்கிறார், சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். “வெள்ளானூரு முப்பத்தொண்ணு, எங்க ஊரு இருவத்தெட்டு... கேக்குதாம்மா?” கேட்கிறது, முடிவு என்ன என்று கத்தினேன். கரகரவென்று இரைச்சல். “கெலிச்சிட்டாங்கம்மா! அல்லாரும் பூட்டாங்க. அண்ணாத்தகிட்ட சொல்லிடு, அப்பால...” அத்தோடு இணைப்பு அறுந்துவிட்டது.

நான் உள்ளே ஓடினேன். “அண்ணே, உங்க ஊரு கெலிச்சிடுச்சு!” என்றேன். ஓர் ஆட்ட முடிவை அந்தச் சொல்லால் அவரிடம் நான் சொன்னது அதுவே முதல்முறை. அவர் அப்படியே நின்றார். பிறகு பக்கம் ஒட்டுகிறவரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தார், பூட்டைப் பார்த்தார், வைத்துவிட்டார். மேலாளருக்கு ஞாயிறு விடுமுறை. சாவியும் இல்லை, வெளியே போகச் சீட்டும் இல்லை. “சரியாத்தான கேட்ட?” என்றார். “சரியாத்தான் கேட்டேன் அண்ணே. கெலிச்சிட்டாங்கன்னுதான் சொன்னாரு” என்றேன். உறுதியாகச் சொன்னேன். இன்றைக்கும் என் குரலின் அந்த உறுதி எனக்குக் கேட்கிறது.

எட்டு வரியில் எழுதிக் கொடுத்தார். ‘வெள்ளானூர் கெலித்தது’ என்று தலைப்பு. நான் அடிப்பதற்காகக் காத்துக்கொண்டு எதிரில் நின்றார். நான் அடிக்கவில்லை. இவ்வளவு நாள் அடித்ததற்கு ஒருநாள் பரிசாக இருக்கட்டும் என்று அப்படியே அனுப்பினேன். அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் அச்சானது அந்த ஒருமுறைதான். கீழே அவர் பெயரும் அச்சானது.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு நான் போகும்போது வாசலில் கூட்டம். மளிகைக்கடைக்காரரும் அந்த ஊர் அணியினர் ஐந்தாறு பேரும் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாத்தேயைச் சுற்றி நின்றார்கள். “ஆட்டம் எங்க அண்ணாத்தே முட்ஞ்சிது? மழ வந்து பாதில கலைச்சிட்டாங்கன்னுதான நான் சொன்னேன்?” என்றார் கடைக்காரர். அணித் தலைவன் விடவில்லை. “உன் ஊருன்னா பேப்பர்லயே கப்பு குடுத்துடுவியா நீ? இவ்ளோ நாளு உன்ன நம்பிகினு இருந்தோமே” என்று கத்தினான். கலைச்சிட்டாங்க. கெலிச்சிட்டாங்க. மைதானத்தின் மொழி எனக்கும் வந்துவிட்டது என்ற பெருமையில், வராத சொல்லை வந்ததாகக் கேட்டிருக்கிறேன். வெள்ளானூரில் பிறந்த காது அதைத் தவறாகக் கேட்டிருக்காது.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். கடைக்காரரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். “போன் யாரு எடுத்தது?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணாத்தே, “நாந்தான் சார். மழ சத்தத்துல தப்பா காதுல உழுந்துச்சி” என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “இது என்ன வார்த்தை, கெலித்தது? தலைப்பு யாரு வச்சது?” “அதுவும் நாந்தான் சார். டீச்சரு வேணான்னுதான் சொல்லிச்சி.” மேலாளர் என்னைப் பார்த்தார். “மேடம், நீங்க ஏதாவது சொல்லணுமா?”

“இல்ல சார்” என்றேன்.

வெளியே பெஞ்சில் இருந்தவர் தொலைபேசியில் என்னை ‘அம்மா’ போட்டுப் பேசியவர். எடுத்தது ஒரு பெண் என்று அவருக்குத் தெரியும். அவரை உள்ளே கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை வந்திருக்கும். கூப்பிட வேண்டியவர் மேலாளர் மட்டுமில்லை, நானும்தான். அண்ணாத்தே கடைசியாக, “திருத்தம் ஒண்ணு போட்றலாம் சார். மூணு வரி. நானே எழுதித் தரேன்” என்றார். “அதெல்லாம் வேண்டாம், பேப்பரோட பேரு கெடும்” என்று சொல்லிவிட்டு மேலாளர் வேறு தாளை எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்பதையும் அதே மெல்லிய குரலில்தான் சொன்னார்.

இடத்துக்கு வந்து ஓர் அரைத்தாளை எடுத்து ‘திருத்தம்’ என்று எழுதினேன். அடிக்கோடு போட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அண்ணாத்தே பையை எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார். “எழுதாத டீச்சரே, போட மாட்டாங்க” என்றார். ஏன் அண்ணே அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அழுதுகொண்டு கேட்டேன். “ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போய் இன்னா பண்றது? உங்கப்பா ரிட்டேரு, குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்னு நீதான சொல்லிகினு இருந்த?” என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை, அந்தத் தெரு முனைவரை தள்ளிக்கொண்டேதான் போனார்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏளா, நீதான்னு சொல்லிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “வேப்பம்பட்டுல வீடு பேசி முடிச்சாச்சு. உன்னை நம்பித்தான். பேசாம சாப்பிட்டுட்டுப் படு” என்றார். அப்பாமேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அன்று அவர் ‘ஏளா, போய்ச் சொல்லிட்டு வா’ என்று சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன் என்பதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

அடுத்த ஞாயிறு மறு ஆட்டம் நடந்தது. வெள்ளானூர் தோற்றது. கடைக்காரர் வழக்கம்போல அழைத்துச் சொன்னார், சொல்லை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தச் செய்திக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆறாவது மாத முடிவில் என் கடிதம் வந்தது. நல்ல காகிதம்.

இரண்டு வருடம் கழித்து அதே தொழிற்பேட்டையில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கம்பெனி வாசலில் காவலர் சீருடையில் அண்ணாத்தே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எதிரில் வருகைப் பதிவேடு. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். “நல்லா கீறியா டீச்சரே? ஊடெல்லாம் சௌரியமா கீதா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த வழியாகப் போவேன். ஆட்ட முடிவுகள் பேசுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கைப்பையில் அந்த அரைத்தாள் இருக்கும். இன்று மேலாளரிடம் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பல நாள் கிளம்பியிருக்கிறேன். அண்ணாத்தேயைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாலே ஏதோ கொஞ்சம் தீர்த்துவிட்டது போல இருக்கும், அப்படியே விட்டுவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அந்த வாசலில் வேறு ஆள் இருந்தார். நெஞ்சு வலி, மூன்று வாரம் ஆகிவிட்டது என்றார். வெள்ளானூருக்குப் போனேன். வீட்டுக்கு இரண்டு பக்கமும் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவர் மனைவி என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, “டீச்சரு டீச்சருன்னு சொல்லிகினே இருப்பாரு, அது நீதானாம்மா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் பழைய பேப்பர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ‘வெள்ளானூர் கெலித்தது’.

“இது தப்பு நூசுன்னு அவுருக்கே தெரியும். ஆனா இத்தத்தான் மேல வச்சிருந்தாரு, ஏன்னு தெர்ல” என்றார் அந்த அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “காது கேக்காத நிருபருன்னு ஊரே சிரிச்சிதும்மா. நானும் நெசமாவே காதுல ஏதோ கொறன்னு நெனச்சி, மூணு ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனேன். ஒண்ணுமில்லன்னு அனுப்பிச்சிட்டாங்க. அப்பவும் நான் நம்பல. கடசி வரிக்கும் அவுராண்ட கத்திக் கத்தித்தான் பேசுவேன். அவுரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சிரிச்சிக்குவாரு” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். எதிரில் மேலாளர் இல்லை. பறிபோக எனக்கு எதுவும் இல்லை. அவர் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வருகிறேன் அண்ணி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று நான் சொல்லாமல் வந்ததற்கு அப்பா காரணமில்லை, வீடு காரணமில்லை. இப்போது அந்த அம்மாளும் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதத் துணிச்சல் வந்ததோ என்னவோ, என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அந்த அரைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். பென்சிலைச் சீவினேன். மூன்று வரிக்குள் அடங்கவில்லை. காரணம் சொல்லக் கூடாது, பெயர் வரக் கூடாது என்ற பழைய வழக்கத்தையும் பாதிதான் காப்பாற்ற முடிந்தது. கடைசிச் சொல்லில் இரண்டு எழுத்தை மாற்றவும் வேண்டியிருந்தது.

திருத்தம்: ‘வெள்ளானூர் கெலித்தது’ என்று வந்த செய்தி தவறு. ஆட்டம் மழையால் பாதியில் கலைக்கப்பட்டது. தொலைபேசியை எடுத்துத் தவறாகக் கேட்டது நான், நிருபர் அல்ல. அவருடைய காது நன்றாகவே கேட்டது. வருந்துகிறேன்.